உன் அப்பா இரண்டாம் மாடிக்குப் போன கதை

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "சரி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பப் போன் போட்டால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கத்துகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. அதனால் எழுதுகிறேன். மூன்று வாரத்தில் கல்யாணம். மேடையில் அம்மாவும் தாய்மாமனும் நின்றால் போதும், அப்பா விளாங்குடி வீட்டிலேயே இருக்கட்டும், பெண் வீட்டாரிடம் உடம்பு முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரொம்ப யோசித்து, மெதுவாக, ஆபீசில் பேசுகிற மாதிரி சொன்னாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் எழுதப்போவதில்லை. நிச்சயதார்த்தத்தன்று அவர் குடித்திருக்கவில்லை, ஆனாலும் கை நடுங்கிக் காப்பியைச் சம்பந்தியின் வேட்டியில் கொட்டினார். அங்கே இருந்த அத்தனை பேரும் எதற்காகக் கை நடுங்குகிறது என்று புரிந்துகொண்ட மாதிரி தரையைப் பார்த்தார்கள். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மத்தியானம் விளாங்குடி பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நீ மூன்று கூட்டாளிகளோடு சைக்கிளில் வந்தாய். நிறுத்தாமல் போனாய். அன்றைக்கு சாயங்காலம் என்னிடம் சொன்னபோது, "பெத்த அப்பனை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வரத் தெரியலையா?" என்று உன்னைத்தான் திட்டினேன். அந்த வயசில் அதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் உன்னால்? அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அப்பாவுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நீ சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. மில்லில் சேர்க்கை சரியில்லை, ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்த நாலு பேர் இழுத்துவிட்டுவிட்டார்கள் என்பது அந்தக் கதை. உன் மாமா அதைத்தான் சொல்வார், அக்கம்பக்கமும் அதைத்தான் சொல்லும். அந்தக் கதையை முதலில் சொன்னவள் நான். அதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. அந்த நாலு பேரும் பாவம், கடைசி வரைக்கும் தங்கள் பெயர் எதற்காகக் கெட்டது என்று தெரியாமலே ரிட்டயர் ஆகிப் போனார்கள்.

நீ அப்போது நாலாம் வகுப்பு. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு முதலாளி மூன்று தளத்தில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, மேலூர்ப் பக்கம் கல்குவாரி எடுத்து மேலே வந்த மனிதர். கீழே சைவம், டிபன், காப்பி. முதல் மாடியில் ஏ.சி. போட்டுக் குடும்பத்தோடு வந்து பிரியாணி சாப்பிடுகிறவர்களுக்கு இடம். இரண்டாம் மாடி பார். உள் அலங்கார வேலையை எடுத்திருந்த சென்னை ஆள் பாதியில் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பாலிடெக்னிக் படித்துவிட்டு ஒரு என்ஜினியர் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தவள். தனியாக நாலைந்து வீடுகளுக்கு சமையலறை அலமாரி, பூஜை அறைக் கதவு, டி.வி. வைக்கிற ஷோகேஸ் என்று செய்து கொடுத்திருந்தேன். கட்டட கான்ட்ராக்டர் என் பெயரைச் சொல்லிவிட்டார். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், சிங்கப்பூர்ல ஒரு ஒயின் பாரு பாத்தேன். உள்ள போனா கோயிலுக்குள்ள போன மாதிரி அம்புட்டு அமைதி. நம்ம ஊர்ல அது வேணும். உங்களால ஆகுமா?" என்றார். ஆகும் என்றேன். அதற்கு முன்னால் நான் எந்த பாருக்குள்ளும் காலை வைத்ததில்லை. ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்ததுகூட இல்லை.

அந்த ஏழு மாதம் மாதிரி என் வாழ்க்கையில் வேறு ஏழு மாதம் கிடையாது. பிள்ளைகுட்டிகளோடு முதல் மாடிக்கு ஏறுகிறவர்கள் இரண்டாம் மாடி ஆட்களைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது முதல் கண்டிஷன். பக்கத்துச் சந்திலிருந்து தனிப் படிக்கட்டு வைத்தேன். அதன் வாசலுக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர் எழுப்பி வளைத்துவிட்டேன். உள்ளே போகிறவர் முகமும் வெளியே வருகிறவர் முகமும் தெருவுக்குத் தெரியாது. "மரியாதைப்பட்ட ஆளுக நிம்மதியா வந்துட்டுப் போவாங்க மேடம்" என்று முதலாளி பூரித்துப்போனார். மாடிச் சுவர் முழுக்க ஒயின் பாட்டில்களைப் படுக்கவைக்கிற மாதிரி தேக்கில் அடுக்கு செய்தோம். "படுக்க வச்சா காலி பாட்டில்னு நெனப்பாய்ங்க" என்று சொல்லிக் கடைசியில் எல்லாவற்றையும் நிமிர்த்தி நிற்கவைத்துவிட்டார்கள். அந்த பாட்டில்களை யாரும் கேட்கவும் இல்லை. மதுரைக்காரன் மூன்று தலைமுறையாகக் கேட்டதையே அங்கேயும் கேட்டான். ஒயின் பார் என்று வெளியே எழுதியிருந்தது, உள்ளே ஓடியது பிராந்தி.

நாற்காலிக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன். "உக்காந்தா எந்திரிக்க மனசு வரக் கூடாது" என்று முதலாளி சொல்லியிருந்தார். தலைமை ஆசாரி மூன்று மாதிரி செய்து கொடுத்தார். மூன்றையும் நம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அதில் ஏறிக் குதித்து அடி வாங்கினாய். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அப்பாவை ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். மூன்றாவதில் உட்கார்ந்தவர் பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார். "இதான், இதுலயே போட்டுருங்க" என்று ஆசாரியிடம் சொல்லி அதே சாய்வில் நாற்பது நாற்காலி செய்யச் சொன்னேன். உன் அப்பா முதுகுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலிகள் அவை.

திறப்பு விழாவுக்கு நான் போனேன், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. இரண்டாம் மாடியில் பூசணிக்காய் சுற்றி உடைக்கிற வரைக்கும் நின்றேன். அதோடு சரி. விளக்கெல்லாம் எரிகிறபோது, ஆட்கள் உட்கார்ந்திருக்கிறபோது அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று முதலாளியைக் கேட்டேன். காலியாக இருக்கிற அறையில் விளக்கு ஒரு மாதிரி விழும், நாற்பது பேரும் சிகரெட் புகையும் இருக்கிற அறையில் வேறு மாதிரி விழும். யார் கண்ணில் குத்துகிறது, எந்த மேசையில் சாப்பாடு தெரியவில்லை, எந்த இடத்தில் சர்வர் இடித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் திருத்த முடியும். அவர் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க மேடம். பொம்பள ஆளு உள்ள இருந்தா குடிக்க வந்தவன் எந்திரிச்சுப் போயிருவான். காலையில வாங்க, எம்புட்டு நேரம் வேணா இருந்து பாருங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. நான் கோடு போட்டுக் கோடு போட்டு உண்டாக்கின இடம். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் கண்ணுக்குப் பதில் அப்பாவின் கண்ணை அனுப்புவது. மில்லில் ஸ்டோர் கீப்பர் அல்லவா, ஒரு பொருளை ஒரு தடவை பார்த்தால் எந்த அடுக்கில் எந்த மூலையில் இருந்தது என்று ஒரு வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வார். "நானா? அங்க போயி நான் என்ன பண்ண? எனக்கு அந்த வாடையே ஆகாது" என்றார். "ஒரு சோடா வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்து, லைட்டு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க, எனக்காக" என்றேன். எனக்காக என்று சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆறு மணிக்குப் போய் எட்டுக்கெல்லாம் வந்துவிட்டார். சர்வர் முறைக்கிறான், நாலு பேர் உட்காருகிற மேசையில் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு உட்காரக் கூச்சமாக இருக்கிறது, அதனால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றார். மறுநாள் நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படி. "பேருக்கு ஒரு பீரு வாங்கி முன்னால வச்சுக்கங்க. குடிக்கணும்னு இல்ல. கொஞ்சம் வாயில வச்சாலும் ஒண்ணும் ஆயிடாது." நான்தான் சொன்னேன், தம்பி. மில்லில் எவனும் சொல்லவில்லை. அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த குறிப்புகள் இருக்கின்றனவே, எந்த காலேஜிலும் அப்படிச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். ஜன்னல் ஓர மேசை விளக்கு எதிரில் இருப்பவரின் வழுக்கையில் பட்டு இவர் கண்ணில் அடிக்கிறது. தூணுக்குப் பின்னால் இருப்பவர் கையைத் தூக்கினால் சர்வருக்குத் தெரியவில்லை. தனியாக வருகிறவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருகிறார்கள், அங்கே இன்னும் இரண்டு போடலாம். ஒவ்வொன்றையும் திருத்தினேன். முதலாளி அசந்துபோனார். "எப்படி மேடம் பாக்காமயே சொல்றீங்க?" என்பார். நான் சொல்லமாட்டேன். கோடை ரோட்டில் அவருடைய மச்சான் கட்டிய லாட்ஜ் வேலையும் எனக்கே வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் நீயும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் உன் அப்பா என்னிடம் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசியதில்லை. நல்லவர், கைநீட்ட மாட்டார், சம்பளத்தை அப்படியே கொடுத்துவிடுவார், பேசமாட்டார். நான் வரைகிற மேசைப் பக்கம் வந்து நின்றால்கூட, "சாப்பாடு ஆச்சா?" என்பதோடு போய்விடுவார். அந்த நாட்களில்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். என் அறையைப் பற்றி, என் விளக்கைப் பற்றி, என் நாற்காலியைப் பற்றி. கையை ஆட்டி ஆட்டி, யார் எங்கே எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று நடித்துக்கூடக் காட்டுவார். "அந்தத் தேக்கு அடுக்குல வெளக்கு வெளிச்சம் படுறப்ப, ஒருத்தன் அம்புட்டையும் மறந்து அதையே பாத்துக்கிட்டிருந்தான். இது எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு" என்றார் ஒரு நாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மூன்றாவது வாரத்தில் திருத்த வேண்டியதெல்லாம் திருத்தி முடித்தாயிற்று. அப்போது அவர், "மூணாம் டேபிள் வெளக்கு இன்னும் கண்ணுல குத்துது, நாளைக்கி ஒரு தடவ போயிப் பாத்துட்டு வாரேன்" என்றார். அந்த விளக்கை நாலு நாளைக்கு முன்னாலேயே இடம் மாற்றிவிட்டதாக எலக்ட்ரீசியன் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும், தம்பி. வாயில் வாடை அடித்ததும் தெரியும், அது பீர் வாடை இல்லை என்பதும் தெரியும். "இனிமே போக வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்குக் கேட்டிருப்பார். அன்றைக்கு அவர் கேட்கிற நிலையில்தான் இருந்தார். நான் சொல்லவில்லை. போகாவிட்டால் பேசமாட்டாரே என்று இருந்தது எனக்கு. "ஆமா, எதுக்கும் இன்னொரு தடவ பாத்துட்டு வாங்க" என்றேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு மணி நேரப் பேச்சு அரை மணியாயிற்று, கால் மணியாயிற்று, பிறகு பழையபடி மௌனம். போவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்த பாரை விட்டு மலிவான கடைகளுக்கு மாறினார். அதுவரைக்கும் நான் கட்டிய மறைப்புச் சுவர் அவரை யார் கண்ணிலும் படாமல் காப்பாற்றியது. பட்டிருந்தால் யாராவது முன்னாலேயே தடுத்திருப்பார்களோ என்று இப்போது நினைக்கிறேன். பட ஆரம்பித்தபோது, "மில்லில் சேர்க்கை சரியில்லை" என்று நான் உன் மாமாவிடம் சொன்னேன். அதோடு என் தலை தப்பியது. குடிகாரனைக் கட்டிக்கொண்டும் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. நீயும் புகழ்ந்தாய். காலேஜில் சேர ஏதோ கட்டுரை எழுதினாயே, அதில் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். அதை நான் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

குற்றம் முழுக்க என்னுடையது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இப்படி ஆகவில்லை. வேண்டாம் என்று எழுந்து வந்திருக்க அவருக்கும் கால் இருந்தது. உன் பள்ளிக்கூட விழாக்களுக்கு வராமல் போனதற்கும், உன்னைக் கூட்டாளிகள் முன்னால் தலைகுனிய வைத்ததற்கும் அவர்தான் பொறுப்பு. அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அவர் இப்போது எட்டு மாதமாகத் தொடவில்லை. இது நாலாவது தடவை. அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. மறுபடியும் நம்பி மறுபடியும் ஏமாறுகிற வேலை உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். கல்யாணத்தன்று நிதானமாக இருப்பார் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. கை நடுங்கும். அது இனிமேல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் புது வீட்டுச் சமையலறைக்கு பிளான் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தாய். வரைந்துவிட்டேன், ஆனால் அடுப்பு மேடை உயரத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் உயரம் என்ன, உனக்குச் சமைக்கத் தெரியுமா, இரண்டு பேரில் யார் அதிகம் நிற்கப் போகிறீர்கள் என்று நீங்கள் பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். அவளும் வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் வந்ததும் அவள் வேலையைப் பற்றிக் கேள். புரியாவிட்டாலும் கேள். நீ கேட்கவில்லை என்றால் அவள் சண்டை போடட்டும், என்னை மாதிரி வேறு வழி தேட வேண்டாம் என்று அவளிடமும் நான் சொல்வேன். உன் வேலைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் நீயே போய்ப் பார். உன்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்களா, அந்த வேலையே வேண்டாம் என்று எழுந்து வா. நான் அன்றைக்கு அந்த முதலாளியிடம் அப்படி எழுந்து வந்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு வயசில் எனக்கு அந்தத் தைரியம் இல்லை, ஆசைதான் இருந்தது.

நேற்று நீ பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. என் போனில் சத்தம் அதிகம் என்று உனக்குத் தெரியுமே. வாசலில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவர், அந்த வேலையை நிறுத்தவில்லை. நான் போனை வைத்த பிறகு, "புள்ள சொல்றது சரிதான். நான் வரல. நீயும் உன் தம்பியும் நில்லுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கள அந்த மாடிக்கு அனுப்புனது நான்னு அவனுக்கு எழுதப் போறேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், தட்டை எறிந்திருக்கிறேன், உன் முன்னாலேயே என்னென்ன வார்த்தை சொல்லியிருக்கிறேன். குடித்திருந்தபோதும் சரி, தெளிந்திருந்தபோதும் சரி, ஒரு நாள்கூட அவர் "நீதான அனுப்புன" என்று என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மறக்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "எழுதாத. அவனுக்கு நீ ஒருத்தியாச்சும் நல்லவளா இருந்துட்டுப் போ" என்றார்.

அந்த ஒருத்தியாக இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போயிற்று, தம்பி. இனிமேல் என்னால் முடியாது. மண்டபத்துக்கு நாங்கள் வந்தால் இரண்டு பேராகத்தான் வருவோம். மேடையில் அவர் கை நடுங்கினால் நான் பிடித்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல், வருத்தப்பட மாட்டோம். ஆனால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

உன் அம்மா